விழுது இறங்கிய பிறகு

பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. வயல்வெளியில் அவன் வெறும் ‘ஜிப்சம்’. மொபெட் சத்தம் தூரத்தில் கேட்டதுமே யாராவது ஒருவர், “ஜிப்சம் வருதுப்பா, எல்லாரும் ஓடுங்க” என்று குரல் கொடுப்பார். யாரும் ஓடமாட்டார்கள். உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து, அவன் சொல்வதை எல்லாம் கேட்டுத் தலையாட்டிவிட்டு, பிறகு தாங்கள் எப்போதும் செய்வதையே செய்வார்கள்.

அவன் ஓர் எண்ணெய் ஆலையின் களப்பணியாளன். ஆலைக்குக் கடலை வருகிற ஊர்களில் விளைச்சலைக் கூட்டித் தருவது அவன் வேலை. கூட்டித் தருவதற்கு மந்திரம் ஒன்றும் கிடையாது. சொன்னதையே சொல்ல வேண்டும், அவ்வளவுதான். விதையை அள்ளி வீசாதே, வரிசையில் ஊன்று. ஊன்றும் முன் மருந்து கலந்து வை. பூத்து வரும்போது, காய் திரள, ஜிப்சம் தூள் போட்டு, செடியைச் சுற்றி மண் அணை. மக்காச்சோளம் வைத்தவனிடம் வேறு பாட்டு. குழிக்கு ஒரு செடி போதும், மீதியைப் பிடுங்கு. உரத்தை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடு. முளைத்த செடியைப் பிடுங்கச் சொல்கிறவனை ஊர் எப்படிப் பார்க்குமோ அப்படித்தான் அவனையும் பார்த்தார்கள்.

வயது முப்பத்தைந்துகூட ஆகவில்லை. ஆனால் சட்டையின் தோள் வெயிலில் வெளுத்ததுபோல ஆளும் வெளுத்துப் போயிருந்தான். வரப்பில் குந்தி எழுந்தால் வலது முழங்கால் கதவுக் கீல் மாதிரி முனகும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்தால், செருப்பைக் கழற்றுவதற்கே தனியாக மனதைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. அவன் மனைவி துணிக்கடையில் சட்டை தைக்கிறவள். நாளெல்லாம் மிஷினை மிதித்த கால் அவளுக்கும்தான் வலிக்கும். ஆனால் அவள் வாய் அசந்ததே இல்லை.

“ஊர் பூரா விளைச்சலைக் கூட்டுறீங்க. நம்ம தொட்டியில ஒரே ஒரு மிளகாச் செடி, அதைக் காப்பாத்த முடியலையே.”

“அதுக்கும் ஜிப்சம் போட்டுப் பார்க்கலாமான்னு யோசிக்கிறேன்.”

“போடுங்க. அப்படியே மிச்சம் இருந்தா என் தலையிலயும் கொட்டுங்க.”

குடும்பத்தில் கல்லூரிக்குள் முதலில் கால் வைத்தவன் அவன். பட்டம் வாங்கிய அன்று எடுத்த படம் அவன் வீட்டில் இல்லை. அக்கா வீட்டில், கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற சுவரில் மாட்டியிருந்தது. கறுப்பு அங்கி, காதை மூடும் தொப்பி, திருடிவிட்டு மாட்டிக்கொண்டவன் போல ஒரு முகம். மின்கணக்கு எடுக்க வருகிறவர்கூட அதைப் பார்க்காமல் வெளியே போக முடியாது. “என் தம்பி. விவசாயத்துலயே பட்டம்” என்று அக்கா வழியை மறித்துக்கொண்டு சொல்வாள். அதைக் கழற்றிவிடச் சொல்லி ஒருமுறை அவன் கெஞ்சியபோது, “உன் மூஞ்சிக்காகவா மாட்டியிருக்கேன்? தொப்பிக்காக மாட்டியிருக்கேன்டா” என்றாள். அவன் படித்த காலமெல்லாம் அவள் பிறத்தியார் வயல்களில் களை வெட்டினாள். அதை அவள் சொல்லிக் காட்டியதில்லை. படத்தைக் காட்டுவதோடு சரி.

அக்கா வீட்டுக்காரர், அவனுக்கு மாமா, செங்கல் சூளையில் சிறிய லாரி ஓட்டுகிறவர். நிலம் அவர் பெயரில் இருந்தது. பாடு அக்காவுடையது. அடுத்தடுத்து விளைச்சல் கைவிட்டதில் மாமாவுக்கு நிலம் சலித்துவிட்டது. சூளைக்காரர் மேல்மண்ணைக் கேட்டுக்கொண்டே இருந்தார். மேல்மண் போய்விட்டால் அப்புறம் அது வயல் இல்லை, பள்ளம். அதில் ஒழுங்காகப் புல்கூட முளைக்காது. இது மாமாவுக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். அதனால் அந்த வீட்டில் அந்தப் பேச்சு வந்தாலே யாராவது எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாமா சொன்னார்: “உன் படிப்பை இந்த ஒரு போகம் என் வயல்ல காட்டு மாப்ள. விளைஞ்சா விவசாயம். விளையலைன்னா சூளைக்காரர் வந்து அள்ளிக்கட்டும். நானும் எத்தனை நாளைக்குத்தான் ரெண்டு பக்கமும் ஓடுறது?”

உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

“காட்டுறேன் மாமா” என்றான் அவன். பாத்திரச் சத்தம் மறுபடி தொடங்கியது.

அந்தப் போகம் அவன் ஆலைக்காக உழைத்ததைவிட அந்த வயலுக்காக உழைத்ததுதான் அதிகம். மேலாளரிடம் பேசி அதையே ஆலையின் மாதிரி வயலாக எழுத வைத்தான். கயிறு பிடித்து வரிசை போட்டார்கள். வழக்கமாக இறைக்கும் விதையில் மிச்சம் விழுந்ததைப் பார்த்து மாமாவுக்கு மனசே ஆறவில்லை. முளைத்து வந்ததும், “என்ன மாப்ள, பள்ளிக்கூடப் பிள்ளைங்க கை நீட்டி இடம்விட்டு நிக்கிற மாதிரி நிக்குது? நடுவுல என் லாரியையே ஓட்டிட்டுப் போயிடலாம் போல” என்றார். பூத்து வந்த சமயத்தில் ஜிப்சம் போட்டு, அக்காவும் அவனும் சேர்ந்தே மண் அணைத்தார்கள். செடி கருகருவென்று கிளைத்தது. வேலை முடிந்து வரப்பில் உட்கார்ந்தபோது, பல மாதங்களுக்குப் பிறகு அவனுக்குத் தன் முழங்கால் ஞாபகம் வரவில்லை.

மறுவாரம் லாரிகள் நிற்கிற இடத்துத் தேநீர்க் கடையில் மாமாவைப் பிடித்தான்.

“மாமா, இனிமே வயல்ல களைக்கொத்து விழக்கூடாது. விழுது இறங்க ஆரம்பிச்சிருச்சு.”

கடலைப் பூ வாடியதும் அதன் அடியிலிருந்து ஊசி மாதிரி ஒரு காம்பு கீழ்நோக்கி வளர்ந்து மண்ணுக்குள் இறங்கும். அதுதான் விழுது. அதன் நுனியில்தான் காய் பிடிக்கும். விழுது இறங்கிய மண்ணைக் கொத்தினால், களையோடு சேர்த்துக் காயையும் வெட்டி எறிந்ததாக அர்த்தம்.

“களை வந்தா?”

“பெரிய களையை மட்டும் கையால பிடுங்கணும். மத்ததை விட்டுடணும். பார்க்க அசிங்கமா இருக்கும். பரவாயில்லை.”

“சரி மாப்ள. வீட்டுல சொல்லிடறேன்” என்று மாமா கோப்பையை வைத்தார். அதற்குள் சூளையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். கல் ஏற்ற வேண்டுமாம், அவசரமாம். மாமா வாயைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். அவன் சொன்ன விஷயம் கோப்பையோடு கடையிலேயே தங்கிவிட்டது.

பிறகு மழை பெய்தது. நல்ல மழை. கடலைக்கும் நல்லது, களைக்கும் நல்லது. பக்கத்து வயல்காரிக்கு ஊரில் ‘ரேடியோ’ என்று பெயர்; காலையில் திறந்தால் சாயங்காலம்தான் மூடுவாள். அவள் வாய்க்கால் ஓரத்தில் நின்று அக்காவைக் கேட்டாள்: “ஏம்மா, உன் தம்பி கடலை போட்டிருக்கானா, இல்ல மாட்டுக்குப் புல்லு போட்டிருக்கானா?”

“உனக்கு வேணும்னா வந்து மேய்ஞ்சிட்டுப் போ” என்று அக்கா பதில் கொடுத்தாள். கொடுத்தாளே தவிர, அந்தப் பேச்சு அவளுக்குள் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

மேலாளர், பல ஊர் விவசாயிகளை வேனில் கூட்டிக்கொண்டு மாதிரி வயலைப் பார்க்க வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னார். அவன் அக்காவுக்குப் போன் போட்டான்.

“அக்கா, வெள்ளிக்கிழமை நம்ம வயலைப் பார்க்க ஆளுங்க வர்றாங்க.”

“எத்தனை பேரு?”

“ஒரு வேன் நிறைய.”

“வரட்டும்டா. நான் பார்த்துக்கறேன்.”

தேநீரைத்தான் சொல்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை, வேனுக்கு முன்னால் மொபெட்டில் போய் இறங்கினான். வயல் குளித்துத் தலைவாரிக்கொண்டதுபோல இருந்தது. வரிசைக்கு நடுவே ஒரு புல் இல்லை. கொத்திவிட்ட மண் ஈரத்தோடு புரண்டு, கறுப்பாக, பொலபொலவென்று கிடந்தது. நடுவில் அக்கா நின்றாள். இரண்டு உள்ளங்கையிலும் துணி சுற்றியிருந்தது. முகத்தில் மட்டும் அசதி இல்லை.

“எப்படிடா இருக்கு? ஆள் விட்டா செடியையும் சேர்த்து வெட்டிடுவாங்கன்னு நானே கொத்தினேன். ஒத்தை ஆளா. அந்த ரேடியோவைக் கூப்பிட்டுக் காட்டினேன், வாயே திறக்கலை!” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “மோட்டார் ரூமுக்குப் பின்னாடி மட்டும் முடியலைடா, இடுப்பு விட்டுப்போச்சு. யாரையும் அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போய் மானத்தை வாங்கிடாதே.”

அவன் குந்தினான். முழங்கால் முனகியது. ஒரு செடியின் கிளையை மெல்லத் தூக்கிப் பார்த்தான். விழுதுகள் பாதியில் அறுந்து தொங்கின. நுனி அறுந்த இடம் ஏற்கெனவே சுருங்கிக் கறுத்திருந்தது. அடுத்த செடியும் அப்படித்தான். அதற்கடுத்ததில் செடியோடு ஒட்டி இறங்கிய நாலைந்து மட்டும் பிழைத்திருந்தன. கிளையை இருந்தபடியே மண்ணில் படிய வைத்தான், தூங்குகிற பிள்ளையின் போர்வையைச் சரிசெய்கிறவன் மாதிரி.

“என்னடா?”

துணி சுற்றிய அந்தக் கைகளைப் பார்த்தான். “நல்லா இருக்கு அக்கா” என்றான். பாதையில் வேன் ஹாரன் கேட்டது.

வந்தவர்கள் வரப்பில் வரிசையாக நின்றார்கள். வெள்ளைச் சட்டை மேலாளர் செருப்பில் மண் ஒட்டாமல் நிற்க இடம் தேடினார். மாமா அன்று கல் ஏற்றப் போகாமல், துவைத்த சட்டையோடு வந்து நின்றிருந்தார். எல்லாரும் வயலையே பார்த்தார்கள்.

“தலையைப் படிய வாரி ரெண்டு பின்னல் போட்ட மாதிரி இருக்கேப்பா.”

“எங்க வீட்டுக்குள்ளகூட இவ்வளவு சுத்தம் இருக்காது.”

‘மீசை’ என்று எல்லாரும் கூப்பிடுகிற பெரிய விவசாயி அக்காவிடம் திரும்பினார். பத்து வருஷமாக ஜிப்சத்தைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தவர். “எப்பம்மா கொத்தினீங்க?”

“நேத்துதாங்க முடிச்சேன்.”

“அப்ப சரி. எங்க காட்டுக் கடலையும் இதே வயசுதான். நாளைக்கே ஆளை இறக்கிட வேண்டியதுதான். என்னப்பா?”

எல்லாரும் தலையாட்டினார்கள். இத்தனை வருஷமாக அவர்கள் ஆட்டிய தலையை அவன் ஒருநாளும் நம்பியதில்லை. இன்று நம்பினான். இவர்கள் செய்வார்கள். நாளைக்கே செய்வார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை எல்லா வயலும் இப்படித் தலைவாரிக்கொண்டு, அடியில் அறுந்து தொங்கும்.

பேசாமல் இருக்கலாம். மேலாளர் இரண்டு வார்த்தை நல்லதாகச் சொல்லிவிட்டு வேனில் ஏறிவிடுவார். அறுவடையில் காய் இருக்காது. வரிசையின் மேல், ஜிப்சத்தின் மேல், படிப்பின் மேல் பழி விழும், மண் சூளைக்குப் போகும். பேசினால் பழி இப்போதே, இந்த வரப்பிலேயே, துணி சுற்றிய அந்தக் கைகள் மேல் விழும்.

“கொத்தாதீங்க” என்றான்.

“என்னது?”

“யாரும் கொத்தாதீங்க. இந்த வயலைப் பார்த்துட்டுப் போய்க் கொத்தாதீங்க.” வயலுக்குள் இறங்கி ஒரு செடியை வேரோடு பிடுங்கி மேலே தூக்கிப் பிடித்தான். “இதோ, அறுந்து தொங்குது பாருங்க. இதெல்லாம் காயா ஆகியிருக்கணும்.” பிறகு யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் மோட்டார் ரூமுக்குப் பின்னால் போனான். அங்கே புல் முழங்கால் உயரம் நின்றது. அதைக் கையால் விலக்கி ஒரு செடியைப் பிடுங்கிக் கொண்டுவந்தான். அதன் அடியில் விழுதுகள் தாடி மாதிரி அடர்ந்திருந்தன. சிலவற்றின் நுனியில் வெள்ளை வெளேரென்று பிஞ்சு திரண்டிருந்தது.

இரண்டு செடியையும் வரப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். மேலாளர்கூடச் செருப்பை மறந்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

மாமாதான் கேட்டார். “அப்ப இதைக் கொத்தச் சொன்னது யாரு?”

எல்லாருடைய தலையும் அக்கா பக்கம் திரும்பியது.

“யாரும் சொல்லலை மாமா. கொத்தக்கூடாதுன்னும் யாரும் சொல்லலை. நான் உங்ககிட்ட டீக்கடையில சொன்னேன். வயல்ல கொத்து பிடிக்கிறது அக்கா. அக்காகிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லலை. அது என் மேல தப்பு.”

மாமா சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். தேநீர்க் கடை ஞாபகம் வந்துவிட்டது என்று அவர் முகத்தில் தெரிந்தது.

வேன் போன பிறகு அக்கா மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்து கைத்துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கொப்புளம் உடைந்திருந்தது. அவன் போய்ப் பக்கத்தில் நின்றான்.

“காலையிலயே பார்த்துட்டேல்ல?”

“ம்.”

“அப்பவே சொல்றதுக்கென்ன? நான் ஈன்னு இளிச்சிட்டு நின்னதை வேடிக்கை பார்த்தியா?”

“கையைப் பார்த்தேன் அக்கா. வாய் வரலை.”

“ஊருக்கு முன்னாடி மட்டும் வந்துச்சு.” அவள் எழுந்தாள். “கொத்தக்கூடாதுன்னா எங்கிட்ட சொல்லியிருக்கணும்டா. நான் என்ன, அந்தப் போட்டோவைப் பார்த்துப் பூப்போடத்தான் லாயக்கா?”

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் மொபெட்டை இரண்டு முறை நிறுத்தினான். வண்டியில் கோளாறு ஒன்றும் இல்லை. எத்தனை ஊர், எத்தனை கூட்டம், எத்தனை தேநீர்க் கடை! நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டியவர்கள் எல்லாரும் ஆண்கள். அவர்களுக்குப் பின்னால், வயலுக்குள், குனிந்த முதுகுகள் வரிசையாக நகர்ந்துகொண்டே இருந்திருக்கின்றன. அவர்களைப் பார்த்து “நல்லா இருக்கீங்களா?” என்று கை காட்டிவிட்டுப் போயிருக்கிறான். விதை ஊன்றும் கையும், மண் அணைக்கும் கையும், களை வெட்டும் கையும் அந்தப் பக்கம் இருக்க, இவன் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசியதெல்லாம் இந்தப் பக்கம். அன்று அவனுக்கு வந்த அசதி வெயிலால் வந்ததல்ல. இனி எல்லாவற்றையும் முதலிலிருந்து, வேறு ஆட்களிடம் சொல்ல வேண்டும்.

அக்கா அவனோடு பேசவில்லை. அவன் மனைவிதான் நடுவில் போய்வந்தாள். “போட்டோ இன்னும் சுவத்துலதான் இருக்கு. மூஞ்சியை மட்டும் திருப்பி மாட்டலாமான்னு யோசிக்கிறாங்களாம்” என்று வந்து சொன்னாள். அது அக்கா சொன்னதா, இவளாகச் சேர்த்ததா என்று அவன் கேட்கவில்லை.

அறுவடையன்று கூப்பிடாமலே போனான். செடி பிடுங்கப் பிடுங்க, எதிர்பார்த்தது எதிர்பார்த்தபடியே வந்தது. பின்னால் பூத்த பூவிலிருந்து கொஞ்சம் விழுது இறங்கியிருந்தது. பாதி சுருங்கின காய். மொத்தத்தில் ஊரார் வயலுக்குக் கூடவும் இல்லை, குறைவும் இல்லை. இத்தனை பாடு பட்டதற்கு அதுதான் மிச்சம். சூளைக்காரர் சரியாக அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிளில் வந்து வரப்போரம் நின்றார். இழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

“என்னப்பா, பார்த்தாச்சா? எப்ப அளக்கலாம்?” என்று மாமாவைக் கேட்டார்.

மாமா வாயைத் திறப்பதற்குள் மோட்டார் ரூமுக்குப் பின்னாலிருந்து அக்கா வந்தாள். ஒரு கையில் ஒரே ஒரு செடி. அதைத் தலைகீழாகப் பிடித்து மாமா முகத்துக்கு நேரே உதறினாள். மண் உதிர்ந்தது. காய்கள் கொத்துக் கொத்தாக, ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு தொங்கின.

“இதுக்குக் களையும் எடுக்கலை, ஒண்ணும் பண்ணலை. என் இடுப்பு வலியால தப்பிச்சது. அடுத்த போகம் வயல் பூரா எனக்கு இடுப்பு வலின்னு வச்சுக்கங்க.”

சூளைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அந்தச் செடியை வாங்கி ஒரு காயை உடைத்து வாயில் போட்டு மென்றார். “அடுத்த போகம் பார்க்கலாம்ங்க” என்றார் சூளைக்காரரிடம். தருகிறேன் என்றும் சொல்லவில்லை, தரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆனால் மோட்டார் சைக்கிள் திரும்பிப் போனது.

அக்கா தம்பியைப் பார்த்தாள். “இங்க பாருடா. இனிமே எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லு. இவர்கிட்ட சொல்றதும் அந்த லாரிகிட்ட சொல்றதும் ஒண்ணுதான்.”

அடுத்த போகம் பூத்து முடிந்த சமயம், அவன் மீசையின் காட்டுக்குப் போனான். மீசை வரப்பில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். வழக்கம்போல அவர் பக்கம் திரும்பிய மொபெட்டை இழுத்துப் பிடித்து நிறுத்திவிட்டு, வயலுக்குள் இறங்கினான். பெண்கள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள்.

“யாரு, ஜிப்சமா? இந்தப் பக்கம் எங்க? வழி தப்பிருச்சா?” என்றாள் ஒருத்தி.

“உங்களைத்தான் பார்க்க வந்தேன். இனிமே கொத்து…”

“போடக்கூடாது. விழுது அறுந்துடும். கையாலதான் பிடுங்கணும்.” அவள் நிமிராமலே இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். கையில் புல்தான் இருந்தது. “உங்க அக்கா முந்தா நாளே வந்து சொல்லிட்டாங்க. சும்மா சொல்லலை, திட்டிட்டுப் போனாங்க. கொத்தோட வந்தா கையை உடைப்பாங்களாம்.”

எல்லாரும் சிரித்தார்கள். சொல்ல வந்ததெல்லாம் தனக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்ட ஒரு வயலில் அவன் அதுவரை நின்றதில்லை.

“நிக்கிறீங்களே, உட்காருங்க” என்றாள் அவள். “பார்த்தா ரொம்ப அசந்து போன மாதிரி இருக்கீங்க.”

அவன் வரப்பில் உட்கார்ந்தான். முழங்கால் முனகியது. தண்ணீர்க் குடம் பக்கத்திலேயே இருந்தது. பெண்களின் வரிசை அவனைத் தாண்டி மெல்ல முன்னால் நகர்ந்து போயிற்று.